பேரீச்சத் தூணும் உரித்தெடுத்த சுவர்களும்: சான் பௌதேலியோ சிற்றாலயம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்பெயினின் நடுவடக்கில் சோரியா மாகாணம். அங்கே காசீயாஸ் தே பெர்லாங்கா என்ற சின்ன ஊருக்கு வெளியே, புல்லும் புதரும் மட்டுமே வளரும் ஒரு மேட்டுச் சரிவில் ஒரு கல் கட்டடம் நிற்கிறது. இரண்டு பெட்டிகளை ஒட்டி வைத்ததுபோல இருக்கும். பெரிய பெட்டி மக்கள் நிற்கும் கூடம், சின்னது பலிபீடம் இருக்கும் அறை. கோபுரம் இல்லை, சிற்பம் இல்லை, வெளிச்சுவரில் ஒரு பூவேலை கூட இல்லை. தானியக் கிடங்கு என்று சொன்னால் நம்பிவிடலாம். இதுதான் சான் பௌதேலியோ சிற்றாலயம், பிரான்சின் நீம் நகரில் உயிர்விட்ட ஒரு வேதசாட்சியின் பெயரில் எழுப்பியது.

இதன் கதையை எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. காரணம், பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று ஓர் அரசாங்கம் முறையாக அறிவித்த பிறகும் ஒரு கட்டடத்திலிருந்து அதன் உயிர் எப்படி வெளியே போக முடிந்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. அதோடு ரோமனெஸ்க் காலத்து (ஐரோப்பாவில் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் பரவிய கலைப் பாணி அது) ஒரு கிராமத்துக் கோவிலின் முழு பீடக்கூடமே, அதாவது பலிபீடம் நிற்கும் பகுதியே, கல் கல்லாகப் பிரிந்து அட்லாண்டிக்கைக் கடந்ததற்கும் இந்தச் சின்னக் கட்டடம்தான் காரணம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு நேராகும்.

முதலில் கட்டடம்.

வடக்குப் பக்கம் ஒரே வாசல். குதிரை லாட வடிவ வளைவு, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. உள்ளே போனால் முதலில் இருட்டு. ஜன்னல் என்று சொல்ல ஒன்றிரண்டு சிறு துளைகள்தான். கண் பழகப் பழக, கூடத்தின் நட்டநடுவில் ஒரு தடித்த உருளைத் தூண் தெரிய ஆரம்பிக்கும். கூடம் பெரியதில்லை, பக்கத்துக்கு 8 மீட்டர் வாக்கில்தான் இருக்கும். அந்த அளவுக் கூடத்துக்கு நடுவில் தூண் தேவையே இல்லை என்று எந்தக் கொத்தனாரும் சொல்லுவார். ஆனால் இந்தத் தூணின் உச்சியிலிருந்து எட்டு வளைவுகள் எட்டுத் திசைக்கும் விரிந்து, நான்கு மூலைகளையும் நான்கு சுவர்களின் நடுவையும் போய்த் தொடுகின்றன. மொத்தக் கூரையும் அந்த எட்டு விலா எலும்புகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பேரீச்ச மரத்தின் அடியில் நின்று மட்டைகளைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். அதனால்தான் எல்லோரும் இதைப் பேரீச்ச மரம் என்றே சொல்கிறார்கள்.

அந்த மரத்தின் குருத்துப் பகுதியில், வளைவுகள் பிரியும் இடத்துக்குள்ளே ஒரு குட்டி அறை ஒளிந்திருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு சின்னக் குவிமாடம் உண்டு. அந்தக் குவிமாடத்தின் விலாக்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும் விதம் தெற்கு ஸ்பெயினில் உள்ள கொர்தோபா பெரிய மசூதியின் குவிமாடங்களை அப்படியே நினைவூட்டும். எளிதில் ஏறிப் பார்க்க முடியாத ஓரிடத்தில் இவ்வளவு வேலை எதற்கு என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள், ஒன்றும் முடிந்த முடிவு இல்லை.

மேற்குப் பக்கம் ஒரு பரண் போன்ற மேல்தளம். அதைத் தாங்கி நிற்பது வரிசை வரிசையாகச் சிறு தூண்களும், அவற்றை இணைக்கும் குதிரை லாட வளைவுகளும். குனிந்து அந்த இடத்துக்குள் நுழைந்தால் ஒரு குட்டி மசூதிக்குள் இருப்பது போலவே தோன்றும். அங்கிருந்து பாறைக்குள் ஒரு குகைக்கு வழி போகிறது. முதலில் அந்தக் குகையில் ஒரு துறவி இருந்திருக்க வேண்டும், அவரைச் சுற்றித்தான் கோவில் எழுந்திருக்க வேண்டும் என்பது பலருடைய கருத்து. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பக்கத்திலேயே ஒரு நீரூற்று, வெளியே பாறையில் மனித உடல் அளவுக்கு வெட்டிய பழைய கல்லறைக் குழிகள். தண்ணீர், குகை, கல்லறை மூன்றும் சேர்ந்த இடத்தில் கோவில் எழுவது உலகம் முழுக்க நடப்பதுதான்.

இந்தக் கலவைக்குக் காரணம் இடம்தான். துவேரோ ஆற்றங்கரை அப்போது வடக்கே இருந்த கிறிஸ்தவ அரசுகளுக்கும் தெற்கே இருந்த முஸ்லிம் ஆட்சிக்கும் நடுவே எல்லைப்புறம். அருகில் உள்ள கோர்மாஸ் கோட்டையை 10ஆம் நூற்றாண்டில் கொர்தோபா கலீபாக்கள் பெரிதாக எழுப்பினார்கள். 1060 வாக்கில் கிறிஸ்தவ மன்னர் முதலாம் ஃபெர்னாந்தோ அந்தப் பகுதியைப் பிடித்தார், அதற்குப் பிறகும் நிலைமை அமைதியாகப் பல காலம் ஆனது. கட்டடம் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதே பொதுவான கருத்து. கும்பிட வந்தவர்கள் கிறிஸ்தவர்கள், கட்டிய கைகள் அரபுக் கட்டடக் கலையில் ஊறியவை. இந்த மாதிரிக் கலப்பைக் கலை வரலாற்றில் மொசராபிக் என்பார்கள்.

அப்புறம் ஓவியங்கள். இங்கேதான் ரோமனெஸ்க் வருகிறது.

12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சுவர், கூரை, தூண் என்று ஓர் அங்குலம் விடாமல் வரைந்திருக்கிறார்கள். மேல் வரிசையில் கிறிஸ்துவின் வாழ்க்கை: கானா ஊர்த் திருமணம், குருடனுக்குப் பார்வை கொடுத்தது, லாசரை எழுப்பியது, சாத்தான் சோதித்தது, எருசலேம் நுழைவு, கடைசி இராவுணவு, கல்லறைக்கு வந்த மூன்று மரியாக்கள். இதில் ஆச்சரியம் இல்லை, அந்தக் காலத்துக் கோவில்களில் வழக்கமானதுதான். கீழ் வரிசைதான் ஆளை நிறுத்திவிடும். குதிரையில் ஒருவர் வர, அவருக்கு முன்னால் நாய்கள் முயல்களைத் துரத்துகின்றன. வில்லை வளைத்து மானைக் குறிவைக்கிறார் ஒரு வேடர். கையில் வல்லூறோடு குதிரையில் ஒருவர். வட்டக் கேடயம் பிடித்த போர்வீரன். ஒரு கரடி, ஓர் ஒட்டகம், முதுகில் கோட்டை சுமந்த ஒரு யானை. இவற்றோடு, தொங்கவிட்ட பட்டுத் துணி போலவே வரைந்த திரை ஒன்று, அதில் வட்டம் வட்டமாக விலங்குகள். அந்தக் காலத்து அரபுப் பட்டுத் துணிகளில் இருந்த அதே வடிவம்.

யானையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். சிவப்புப் பின்னணியில் வெளிறிய உடல். யானையைப் பார்த்தே வளர்ந்த நமக்கு உடனே தெரிந்துவிடும், இதை வரைந்தவர் உயிருள்ள யானையைப் பார்த்ததில்லை. கால்களில் யானைக்கே உரிய அந்தக் கனம் இல்லை, காது காதாக இல்லை. ஏதோ தந்தப் பெட்டியிலோ பட்டுத் துணியிலோ பார்த்ததை வைத்து வரைந்திருக்க வேண்டும். ஆனால் முதுகில் இருக்கும் கோட்டையை அவர் நன்றாகவே பார்த்திருக்கிறார், அது கோர்மாஸ் பக்கத்து ஆளின் கை. எனக்கு இந்த ஓவியத்தில் மிகவும் பிடித்தது இதுதான். தெரியாத விலங்கின் மேல் தெரிந்த கட்டடத்தை ஏற்றி வைத்திருக்கிறார், அதையும் முழு நம்பிக்கையோடு, ஒரு கோடு கூட நடுங்காமல்.

கீழ் வரிசையும் மேல் வரிசையும் வேறு வேறு காலத்தவை என்று முன்பு பலர் வாதிட்டார்கள். இப்போது ஒரே காலத்தவை என்ற கருத்துத்தான் வலுவாக இருக்கிறது. ஒரே திட்டமாகப் பார்த்தால்தான் இந்தக் கூடம் எனக்குப் புரிகிறது. உள்ளே நிற்பவரின் தோளுக்குப் பக்கத்தில் காடும் வேட்டையும் விலங்குகளும், தலைக்கு மேலே கிறிஸ்து, நடுவில் இரண்டையும் இணைத்துக்கொண்டு மேலே போகும் மரம். விளக்கு வெளிச்சத்தில், ஆள் நகர நகர, நாய்களும் முயல்களும் அவரோடு சேர்ந்து சுவரைச் சுற்றி ஓடியிருக்கும். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பின்னால் போனது வெறும் படங்கள் இல்லை, அந்தச் சுற்றும் ஓட்டம்தான் போனது.

சரி, நடந்ததுக்கு வருவோம்.

நூற்றாண்டுகள் போகப் போகக் கோவிலில் வழிபாடு நின்றது. கட்டடம் ஊர்க்காரர்கள் சிலரின் கூட்டுச் சொத்தாக ஆனது, ஆடு அடைக்கும் இடமாகவும் இருந்தது. 1907இல் மனுவேல் அனிபால் ஆல்வரேஸ், ஹோசே ரமோன் மெலிதா இருவரும் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. 1917இல் ஸ்பெயின் அரசு இதைத் தேசியச் சின்னமாக அறிவித்தது. அறிவித்ததோடு சரி. கட்டடத்தை விலைக்கு வாங்கவில்லை. சொத்து அதே ஊர்க்காரர்கள் பெயரில்தான் இருந்தது.

அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க அருங்காட்சியகங்களும் பணக்காரர்களும் ஐரோப்பாவின் இடைக்காலக் கலைப்பொருள்களைத் தேடித் தேடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். சுவர் ஓவியத்தைச் சுவரை உடைக்காமலேயே உரித்தெடுக்கத் தெரிந்த கைவினைஞர்கள் இத்தாலியில் இருந்தார்கள். 1919இல் ஸ்பெயினின் வடகிழக்கில் உள்ள கட்டலோனியாவில் சாந்தா மரியா தே முர் கோவிலின் பீடக்கூட ஓவியம் இப்படித்தான் உரிந்து, 1921இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் போய்ச் சேர்ந்தது. கட்டலோனியாவில் அந்த அதிர்ச்சியில் உடனே விழித்துக்கொண்டார்கள். வியாபாரிகள் கைக்குப் போவதற்கு முன்னால் நாமே எடுத்துப் பாதுகாப்போம் என்று பார்சலோனா அருங்காட்சியகக் குழுவே அதே கைவினைஞர்களை அமர்த்தி, மலைக் கிராமக் கோவில்களின் ஓவியங்களை நகரத்துக்குக் கொண்டுவந்தது. சோரியாவில் அப்படி முன்கூட்டியே யோசித்து இறங்க ஆள் இல்லை.

1922இல் லியோன் லேவி என்ற கலைப்பொருள் வியாபாரி ஊருக்கு வந்தார். ஓவியங்களை 65,000 பெசெட்டாவுக்கு விலை பேசி ஊர்க்காரர்களிடம் வாங்கினார். விஷயம் வெளியே தெரிந்ததும் அதிகாரிகள் தலையிட்டு வேலையை நிறுத்தினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1925இல் தீர்ப்பு வந்தது, விற்றவர்களுக்கும் வாங்கியவருக்கும் சாதகமாக. அன்றைய சட்டத்தில், ஒருவர் தன் சொத்திலிருந்து ஒரு பகுதியைப் பிரித்து விற்பதைத் தடுக்கும் அளவுக்குப் பிடி இல்லை. 1926இல் ஓவியங்கள் உரிந்தன.

இதில் என்னை உறுத்துவது தேதிகள்தான். அதே 1926, ஆகஸ்ட் மாதத்தில்தான் தேசியக் கலைச் செல்வத்தைப் பாதுகாக்கவும் வெளிநாட்டுக்குப் போகாமல் தடுக்கவும் ஓர் அரசாணை ஸ்பெயினில் வந்தது. 1933இல் இன்னும் முழுமையான சட்டம் வந்தது. சான் பௌதேலியோவுக்கு எல்லாமே கொஞ்சம் பிந்திப்போனது.

ஊர்க்காரர்களைக் குற்றம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வறண்ட மேட்டு நிலத்தில் ஆடு மேய்த்துப் பிழைத்தவர்கள். அந்தச் சுவர்களால் அவர்களுக்குப் பத்துப் பைசா வருமானம் வந்ததில்லை, ஒழுகும் கூரையைச் சரிசெய்யவும் யாரும் வரவில்லை. தேசியச் சின்னம் என்று ஒரு தாள் வந்தது, அதன் கூடவே பணமோ காவலாளோ வரவில்லை. 1917க்கும் 1922க்கும் நடுவில் இருந்த அந்த ஐந்து வருடங்களில் அரசு கட்டடத்தை வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. தவறு நடந்த இடம் அதுதான் என்பது என் முடிவு.

உரித்தெடுக்கும் வேலை எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் இன்று அந்தச் சுவர்கள் இருக்கும் நிலைக்கு அதுதான் காரணம். ஓவியத்தின் மேல் மெல்லிய துணியை வைத்து, தச்சர்கள் மரம் ஒட்ட வைத்திருக்கும் வஜ்ஜிரம் மாதிரியான, விலங்குத் தோலிலும் எலும்பிலும் காய்ச்சிய பசையைச் சூடாகப் பூசுவார்கள். துணி மேல் துணியாக ஒட்டிக் காயவிடுவார்கள். பசை காயக் காயச் சுருங்கும், சுருங்கும்போது சுவரின் மேல்தோலைப் பிடித்து இழுக்கும். பிறகு ஓரத்திலிருந்து மெதுவாக இழுத்தால் வண்ணத் தோல் மட்டும் துணியோடு உரிந்து வரும், பின்னால் சாந்துப் பூச்சு சுவரிலேயே நிற்கும். உரிந்த தோலைப் பின்பக்கம் புதிய கேன்வாஸில் ஒட்டி, முன்பக்கத் துணியை வெந்நீரில் கரைத்து எடுத்துவிட்டால் ஓவியம் சுருட்டி எடுத்துப்போகத் தயார்.

ஆனால் ஈரச் சாந்தில் தீட்டிய வண்ணம் மேல்தோலோடு நிற்பதில்லை, சுண்ணாம்புக்குள் இறங்கி ஊறிவிடும். அதனால் உரித்த பிறகும் சுவரில் ஒரு மங்கல் நிழல் தங்கிவிடுகிறது. இன்று சான் பௌதேலியோவுக்குள் போகிறவர்கள் பார்ப்பது அந்த நிழலைத்தான். குதிரையின் வளைவு தெரியும், நாயின் ஓட்டம் தெரியும், வண்ணம் வெளுத்து ரொம்ப நாள் துவைத்த துணி போல இருக்கும்.

உரித்தவை எங்கே போயின? கப்ரியேல் தெரேப் என்ற வாங்குநர் வழியாக அமெரிக்காவுக்கு. பிறகு பிரிந்து பிரிந்து பல ஊர்களுக்கு. கடைசி இராவுணவும் மூன்று மரியாக்களும் பாஸ்டனில். எருசலேம் நுழைவும் கானா ஊர்த் திருமணமும் இண்டியானாபொலிஸில். வல்லூறோடு போகும் குதிரைக்காரர் சின்சினாட்டியில். ஒட்டகம், லாசர், சாத்தானின் சோதனை ஆகியவை நியூயார்க்கில், மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இடைக்காலக் கலைப் பிரிவான க்ளாய்ஸ்டர்ஸில். ஒரே சுவரில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தவை இப்போது தனித்தனிச் சட்டத்தில்.

மீதி ஆறு துண்டுகள் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. யானை, கரடி, முயல் வேட்டை, மான் வேட்டை, போர்வீரன், பட்டுத் திரை. இவை திரும்பி வந்த விதம்தான் கதையின் இரண்டாம் பாகம்.

சேகோவியா மாகாணத்தில் ஃபுவெந்திதுவேன்யா என்று ஒரு கிராமம். அங்கே மலைச்சரிவில் சான் மார்த்தின் கோவில், 12ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் கட்டியது. இது முழுக்க முழுக்க ரோமனெஸ்க். 20ஆம் நூற்றாண்டில் மக்கள் நிற்கும் கூடம் இடிந்துபோய், கிழக்கில் இருந்த அரைவட்டப் பீடக்கூடம் மட்டும் உறுதியாக நின்றது. நன்றாகச் செதுக்கிய கல், மேலே அரைக் குவிமாடம், வெளிச்சம் உள்ளே விரிந்து விழும்படி வெளியே குறுகி உள்ளே அகலும் ஜன்னல்கள். நுழைவு வளைவின் இரு பக்கத் தூண் தலைகளில் சிங்கக் குகையில் தானியேல், குழந்தை இயேசுவை வணங்கும் ஞானிகள். பக்கச் சுவரில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு புனித மார்த்தின் சிற்பம், எதிரே மரியாளுக்கு வானதூதர் சேதி சொல்லும் காட்சி. க்ளாய்ஸ்டர்ஸின் ஜேம்ஸ் ரோரிமர் இதன் மேல் 1930களிலிருந்தே கண் வைத்திருந்தார். ஆனால் 1931இலேயே இது தேசியச் சின்னமாகிவிட்டது, இப்போது சட்டமும் வலுவாக இருந்தது. விலைக்கு வாங்க வழியே இல்லை.

அதனால் மாற்று ஏற்பாடு. 1957இல் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது இதுதான்: ஃபுவெந்திதுவேன்யாவின் பீடக்கூடம் நியூயார்க்குக்கு நிரந்தர இரவலாகப் போகும், சான் பௌதேலியோவின் ஆறு ஓவியங்கள் பிராடோவுக்கு அதே மாதிரி இரவலாக வரும். காகிதத்தில் யாரும் எதையும் விற்கவில்லை. சுமார் 3,300 கற்கள், ஒவ்வொன்றாக எண் எழுதி, பெட்டியில் அடைத்து, கப்பலில் ஏற்றினார்கள். 1961இல் க்ளாய்ஸ்டர்ஸில் அது மறுபடி எழுந்து திறப்பு விழா நடந்தது. இன்று அதன் அரைக் குவிமாடத்தில் இருக்கும் மரியாள் ஓவியம் ஃபுவெந்திதுவேன்யாவைச் சேர்ந்ததே இல்லை, பைரனீஸ் மலையில் த்ரெதோஸ் ஊரின் சான் ஜோவான் கோவிலிலிருந்து உரித்துக் கொண்டுபோனது. ஒரு கிராமத்தின் கல்லில் இன்னொரு கிராமத்தின் சுண்ணாம்பு.

இந்தப் பரிமாற்றத்தை நல்ல தீர்வு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இடிந்துகொண்டிருந்த ஒன்று பிழைத்தது, வெளியே போனதில் ஒரு பகுதி திரும்பியது என்பார்கள். பீடக்கூடம் இன்று நன்றாகப் பராமரிக்கப்படுகிறது, லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள், அங்கே இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன, இதெல்லாம் உண்மை. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. உரித்த ஓவியங்களைத் திருப்பிக் கொண்டுவர, இன்னொரு கிராமம் தன்னிடம் எஞ்சியிருந்ததைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதிலும் ஆறு துண்டுகள் வந்து சேர்ந்தது மாட்ரிட்டுக்கு. காசீயாஸுக்கு ஒன்றும் வரவில்லை. முதலில் ஒரு கிராமத்துச் சுவர் வெறுமையானது, 30 வருடம் கழித்து இன்னொரு கிராமத்து மலைச்சரிவு வெறுமையானது.

பிராடோவில் இந்த ஆறோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சேகோவியாவின் மதெருவேலோ ஊரில் வேரா குரூஸ் என்ற குட்டி ரோமனெஸ்க் சிற்றாலயத்தின் ஓவியங்கள். 1947இல் சுவரிலிருந்து எடுத்தவை. அவற்றைத் தனித்தனிப் படங்களாக மாட்டாமல், அந்தச் சிற்றாலயத்தின் அளவிலேயே ஓர் அறை கட்டி, சுவரில் எது எங்கே இருந்ததோ அங்கேயே பொருத்தி, மேலே வளைகூரையோடு நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே நின்றால் தலைக்கு மேலே கிறிஸ்து, பக்கவாட்டில் ஆதாமின் படைப்பும் வீழ்ச்சியும். இதுவும் சுவரிலிருந்து எடுத்ததுதான், ஆனால் கட்டடத்தின் வடிவத்தையும் கூடவே எடுத்து வந்திருக்கிறார்கள். சான் பௌதேலியோவின் யானைக்கு அது கிடைக்கவில்லை. கேன்வாஸின் இழை முகத்தில் தெரிய, சுவரில் தொங்கும் ஒரு படமாகத்தான் அது இருக்கிறது.

காசீயாஸுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். வாசலைத் தாண்டியதும் உடனே சுவரைப் பார்க்க வேண்டாம், ஒன்றும் தெரியாது. தூணில் கை வைக்காமல் அதன் பக்கத்தில் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். முதலில் எட்டு மட்டைகள் தெரியும், பிறகு பரணின் சிறு வளைவுகள் தெரியும். கண் நன்றாகப் பழகிய பிறகு சுவரின் கீழ்ப்பாதியில் நாய்கள் தெரிய ஆரம்பிக்கும், முயல்களை இன்னும் விரட்டிக்கொண்டு.